ரெண்டாம் வகுப்பு வாசிப்பு

என் மகள் ரெண்டாம் வகுப்புப் பாடத்தை விரல் வைத்து மடமடவென்று வாசிப்பாள். ஒருநாள் என் கை தற்செயலாகப் படத்தை மறைத்ததும் வாசிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதுவரை அவள் சொன்னதெல்லாம் படத்தைப் பார்த்து ஒப்பித்த மனப்பாடம் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் தையல் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பரிசோதித்த டாக்டரம்மா, "இது டிஸ்லெக்சியா. அறிவுல ஒரு குறையும் இல்ல. எழுத்தையும் சத்தத்தையும் சேக்கறதுதான் இவளுக்குக் கஷ்டம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். "அம்மா, நான் மக்குதானே? கிளாஸ்ல எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

"இல்லடி கண்ணு. எழுத்து பிடிபட உனக்கு நேரம் ஜாஸ்தி ஆவும், அவ்ளோதான்."

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"நாளைக்கு வந்து சொல்றேன்."

"நானே சொல்றேம்மா. நீ பக்கத்துல நில்லு."

மறுநாள் வகுப்பு வாசலில் அவள் கை என் கைக்குள் வியர்த்திருந்தது. "மிஸ், எனக்கு வாசிக்க லேட்டாவும். திடீர்னு எழுந்து வாசிக்கச் சொல்லாதீங்க" என்றாள்.

டீச்சர் குனிந்து அவள் தோளில் கை வைத்தார். "சரி, இனிமே எதை வாசிக்கணும்னு முந்தின நாளே சொல்லிடறேன். வீட்ல பாத்துட்டு வா" என்றார்.

இப்போது தினமும் மாலையில் தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பழகுகிறோம். நேற்று தடுமாறித் தடுமாறி நான்கு வரி வாசித்தாள். அடுத்த வருஷம் வரும் டீச்சர் எப்படி இருப்பாரோ என்ற பயம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.