காகத்துச் சோறு தின்ற நாய்

அன்று எங்கள் பின்வளவில் நின்றவர்கள்: அம்மா. வேலையால் அப்போதுதான் வந்த அப்பா. நான், ஒன்பது வயது. பக்கத்துக் காணி பிரெஞ்சு அன்ரி. பின்வேலிக்கு அப்பால் செம்மறி வளர்த்த ஆட்டுக்காரர், கையில் துவக்கு. அன்ரியின் மண்ணிற நாய். அது மட்டும் படுத்திருந்தது.

எழுபதுகளின் நடுவில், கடல் கடந்து நாங்கள் வந்து சேர்ந்த கிரான்பர்ன் வெறும் தோட்டமும் புல்வெளியும்தான். அப்பா டண்டினோங் தொழிற்சாலையில் ஃபிட்டர். வாடகை மலிவென்று அங்கே குடியிருந்தோம். தமிழ் கேட்க வேண்டுமென்றால் நாங்களே பேசினால்தான் உண்டு.

அன்ரி பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்துக்காரி. புருஷன் செத்த பிறகும் காணியை விடவில்லை. தாரா வாத்து, முயல், மூன்று நாய். நாய்களோடு பிரெஞ்சு பேசுவார், எங்களோடு உடைந்த இங்கிலீஷ். நாய்களோடு பேசியதுதான் அதிகம்.

அந்த வீட்டில் நாய்க்குச் சங்கிலி கிடையாது. தங்கள் ஊரில் கட்டுவதில்லை என்பார். ஒரு நாய் பின்னேரமானால் யாரும் சொல்லாமலே தாராக்களைச் சாய்த்துக்கொண்டு வந்து கூட்டில் விடும். கண் தெரியாத கிழட்டு நாய்க்குக் குசினி அடுப்படியில் தனிக் கதிரை. அன்ரி சாப்பிடும்போது மூன்றும் மேசைக்குக் கீழே அதனதன் இடத்தில் கிடக்கும். ஒன்றும் வாய் பார்க்காது. கடைசியில் பாண் துண்டைச் சூப்பில் நனைத்துத் தன் கோப்பையையே நிலத்தில் வைப்பார். அதை முதல்நாள் பார்த்த அம்மா அங்கே தண்ணீரும் குடிக்காமல் வந்துவிட்டா. எனக்கோ உலகத்திலேயே நல்ல வீடு அதுதான்.

மூன்றாவது, மண்ணிறமும் வெள்ளை மூஞ்சியுமான இந்த நாய். ஊர் சுற்றி.

அது புரட்டாதி மாதம். அப்பாவுக்கு ஏழரைச் சனி. அம்மா சனிக்கிழமை தோறும் விரதம் பிடித்து, சமைத்ததில் முதல் பிடியைக் காகத்துக்கு வைப்பா. காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. தட்டை வெளியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து, எடுத்திட்டுது, வாங்கோ என்பா. அப்பாவும் நானும் சாப்பிடுவோம்.

அன்று, நாலாவது சனி, ஆட்டுக்காரர் நேரே எங்கள் வளவுக்குள் வந்தார். காலையில் குட்டியொன்று கடிபட்டுச் செத்துவிட்டது, மண்ணிற நாயொன்று வேலி பாய்ந்ததைக் கண்டேன் என்றார். ஆட்டைக் கடித்த நாயைச் சுடுவது அந்தப் பக்கத்து வழக்கம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அன்ரி ஓடி வந்தார். காலை முழுக்க முட்டை விற்கப் போயிருந்தவர், நாய் எங்கே நின்றதென்று அவருக்கும் தெரியாது. அழவில்லை. நாய்க்கு முன்னால் வந்து நின்று சொன்னார்:

“என் நாய் கடித்திருந்தால் நானே சுடுவேன். கடித்ததா என்று முதலில் பார்.”

அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். “எங்களுக்கேன் உந்த வில்லங்கம். உள்ள வா.”

அம்மா அசையவில்லை. இங்கிலீஷ் தெரியாது, வெள்ளைக்காரரைக் கண்டால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறவ. என்னிடம் சொன்னா:

“உது காலமை துவங்கி இஞ்சதான் கிடக்கு. காகத்துக்கு வைச்ச சோத்தையும் உதுதான் திண்டது. சொல்லு அவருக்கு.”

சொன்னேன். காகத்தை மட்டும் சொல்லவில்லை. பிறந்த குட்டியின் கண்ணைக் கொத்துகிறதென்று கண்ட இடமெல்லாம் காகம் சுடுகிற மனுஷன் அவர். பறவைக்கு வைத்த சோறு என்றேன்.

அவர் நம்பினமாதிரித் தெரியவில்லை. துவக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குந்தினார். நாயின் வாயைப் பிளந்து பல்லிடுக்கைப் பார்த்தார். ஆட்டைக் கடித்த நாய்க்கு அங்கே மயிர் நிற்குமாம். நாய் பேசாமல் வாயைக் கொடுத்தது. மயிர் இல்லை, இரத்தமும் இல்லை. சோற்றுப் பருக்கையும் ஒரு கடுகும் விரலில் வந்தன. வெள்ளை மூஞ்சியில் மஞ்சள் பிடித்திருந்தது.

கடுகை மணந்து பார்த்தார். இந்த நாய் இறைச்சியின் ருசியையே மறந்திருக்கும் என்றார். பிறகு அன்ரியிடம் தொப்பியைத் தொட்டுவிட்டு வேலிப்பக்கம் போனார்.

அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நாயோடு பேசுகிற அதே குரல். பின்னேரம் நன்றிக்கு ஒரு சட்டி கொண்டுவந்தார். புரட்டாதிச் சனியில், வைனில் அவித்த முயல். அம்மா இரண்டு கையாலும் வாங்கினா. அது போக வேண்டிய வயிற்றுக்குத்தான் போனது.

ஆனால் அதற்கு முன், ஆட்டுக்காரர் போன கையோடு, அப்பா கேட்டார்.

“அப்ப காகம்?”

“வரேல்லை.”

“ஒரு சனியும்?”

“ஓம். நாய் கிடந்தா எப்பிடி இறங்கும்? வைரவற்ற வாகனம், கலைக்க மனம் வரேல்லை.”

“எடுத்திட்டுது எண்டு சொன்னனீர்.”

“நீங்கள் வேலையால வந்த பசி. பிள்ளையும் பாத்துக்கொண்டிருக்கும்.”

அப்பா அம்மாவைக் கனநேரம் பார்த்தார். விரதம் பலிக்காதென்ற கோபம், இனி நாய்க்கு அடிதான் என்று நினைத்தேன்.

அடுத்த சனி அப்பா வேலைக்குப் போகவில்லை. ஏணி வைத்துத் தகரக் கொட்டகையின் கூரையில் ஏறித் தானே தட்டை வைத்தார். கீழே நாய், அண்ணாந்தபடி. அதற்கும் ஒரு பிடி போட்டார். காகம் வந்தது. ஒன்று, பிறகு மற்றது.

அப்பா உள்ளே வந்து, கதிரையை இழுத்து அம்மாவை இருத்தி, சோறு போட்டார். அப்பா சோறு போட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. தான் சாப்பிடாமல் பக்கத்தில் நின்று அம்மா சாப்பிடுவதையே பார்த்தார். எனக்கும் பசி. ஏன் இந்த மனுஷன் எனக்குப் போடாமல் நிற்கிறாரென்று எரிச்சல் வந்தது.

அம்மா எங்களுக்குப் பிறகு குசினியில் சாப்பிடுகிறா என்றுதான் நான் நினைத்திருந்தேன். காகம் எடுக்காமல் விரதக்காரர் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. அப்பாவுக்கு அது தெரியும்.

நாலு சனி.