பன்னிரண்டு மணிநேர பஸ்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் கடற்கரை வரை எண்பத்தேழு கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குத் துப்பாக்கி வெடிக்கும், மாலை ஐந்தரைக்கு மறுபடி வெடிக்கும். அதற்குள் கோட்டைத் தாண்டாதவர் ஓடியதாகவே கணக்கில்லை. என்னைப் போல மெதுவாக ஓடுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து ஓடவும் நடக்கவும் வைத்து, கொடியோடு முன்னால் போகிறவரை பஸ் டிரைவர் என்போம், அந்தக் கூட்டம்தான் பஸ். நொக்வாசி எங்கள் டிரைவர். அவளுடையது கடைசி பஸ், பன்னிரண்டு மணி நேரம் முடியும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். ஒருமுறை மினிபஸ்காரர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமென்று பதினோரு கிலோமீட்டரும் ஓடியே போனாள். வண்டிகள் திரும்ப வந்தன, அவள் ஓடுவதை விடவில்லை. இதே பந்தயத்தில் ஒரு வருடம் வெயிலில் சுருண்டு விழுந்திருக்கிறாள். ஐஸ் தொட்டியில் கண் விழித்தபோது பெற்ற மகளின் பெயர் கால் மணி நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்ததில்லை.

ஜூன் மாதம், எங்கள் பக்கம் குளிர்காலம். விடியலில் வாயிலிருந்து புகை வர வேண்டும். அந்த வருடம் மலைப்பக்கத்திலிருந்து அனல்காற்று அடித்தது. பாதி வழியைத் தாண்டும்போது மணி பதினொன்றரை, பிந்தி வருகிறவர்களை அங்கேயே நிறுத்தி எங்கள் முதுகுக்குப் பின்னால் வழியை மூட எட்டே நிமிடம் பாக்கி. பையில் கொடுத்த தண்ணீர் வெந்நீராக இருந்தது. வழியில் யாரோ நீட்டிய உப்புத் தூவிய உருளைக்கிழங்கை மென்றால் விழுங்க எச்சில் இல்லை.

அப்போதுதான் நொக்வாசி கொடியை உயர்த்தி நிறுத்தினாள். ஒன்றேகால் வரைக்கும் நடைதான், வெயில் சாய்ந்த பிறகு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடமாக ஓடிப் பிடித்துவிடலாம் என்றாள். ஐம்பது பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

டாக்சி ஓட்டும் குமேடேதான் முதலில் பேசினார். "அக்கா, இது பஸ்ஸா, சவ ஊர்வலமா?"

சிலர் சிரித்தார்கள்.

"இப்ப ஓடுனா சாயங்காலம் ஓட உனக்குக் கால் இருக்காது, தம்பி."

"என் காலப் பத்தி எனக்குத் தெரியும். உனக்குப் பயமாயிருந்தா பயமாயிருக்குன்னு சொல்லு."

"பயம்தான்," என்றாள்.

அவர் ஓடினார். அவர் பின்னால் முப்பது பேர் ஓடினார்கள். மிச்சமிருந்த எங்களில் எவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் தோபிலே, தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண், முதல் பந்தயம். அக்கா கணக்கு தப்பாதில்ல, தப்பாதில்ல என்று என்னை ஐந்தாறு தடவை கேட்டாள். தப்பாது என்றேன். எனக்கென்ன தெரியும்.

ஒன்றேகாலுக்கு ஓட ஆரம்பித்தோம். உடம்பு நிஜமாகவே சொன்னபடி கேட்டது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக ஓரத்தில் உட்கார்ந்திருப்பது தெரிய ஆரம்பித்தது. சிலர் எழுந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மணி வாக்கில், வேடிக்கை பார்க்கும் கூட்டமே இல்லாத ஒரு மரத்தோப்பு ஓரம், குமேடே எங்களுக்கு எதிரே ஓடி வந்தார். வந்த வழியே, மலையைப் பார்த்து.

"கிட்ட வந்துட்டேன்கா. கடல் வாசனை அடிக்குது," என்றார். தோலில் சொட்டு வியர்வை இல்லை. உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

பஸ் யாருக்காகவும் நிற்பதில்லை. நொக்வாசி நின்றாள். நிழலுக்கு இழுக்கப் பார்த்தால் அவர் கையை வீசி அடித்தார். ஆள் கனம். அடக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்: நொக்வாசி, நான், இன்னொரு ஆள், தோபிலே. தோபிலே அவர் கால்மேல் உட்கார்ந்து பிடித்தாள். கழுத்திலும் கக்கத்திலும் தண்ணீர்ப் பைகளைக் கிழித்து ஊற்றினோம். பத்துப் பேர் பொறுக்க முடியாமல் முன்னால் போய்விட்டார்கள். மருத்துவ வண்டி வந்து அவரை ஏற்றியபோது ஏழு நிமிடம் போயிருந்தது.

"இனி ஏழேகால்," என்று மட்டும் சொல்லிவிட்டு நொக்வாசி ஓடினாள்.

அடுத்த மூன்று மணி நேரம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அவள் எண்ணும் குரல், கொடிக்கம்பு, இறக்கத்தில் தொடை கிழிகிற வலி. கடைசி கிலோமீட்டரில் தோபிலேயின் தொடை பிடித்துக்கொண்டது. நொக்வாசி திரும்பிப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பின்னால் வருகிற இருபது பேரைப் பார்த்தாள். கொடியைத் தாழ்த்தாமல் ஓடிக்கொண்டே இருந்தாள்.

நான் கோட்டைத் தாண்டியபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. துப்பாக்கிக்காரர் வழக்கப்படி ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வெடித்தது. வழியை மறித்து ஆட்கள் கை கோத்தார்கள். தோபிலே அந்தப் பக்கம், ஏழெட்டு அடித் தூரத்தில், நொண்டியபடி வந்து நின்றாள்.

நொக்வாசி அவளிடம் போனாள்.

"அந்தாளுக்கு ஏழு நிமிஷம் குடுத்தே. எனக்கு யாரு குடுத்தா?"

"உன்னோடதத்தான் எடுத்துக் குடுத்தேன். தெரிஞ்சேதான்."

"மன்னிப்பாவது கேளேன்."

"கேட்டா பொய்யாயிரும். நாளைக்கும் நிப்பேன்."

தோபிலே அவள் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

குமேடே ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீரகம் தப்பியது. ஓட்டத்தோடு அவருக்கு உறவு முடிந்தது. நொக்வாசியின் பள்ளிக்கூட வாசலில் இரண்டு கோழிகளைக் கட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல் போய்விட்டார். நொக்வாசி அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். தோபிலே ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள்.

அடுத்த வருடம் தோபிலே வேறு பஸ்ஸில் பதினொன்றேகால் மணி நேரத்தில் முடித்தாள். நாங்கள் பதினோரு நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தபோது, கழுத்தில் பதக்கத்தோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நொக்வாசி கொடியைக் கீழே வைத்து, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ யாருக்காச்சும் நின்னியா?" என்றாள் தோபிலே.

"நிக்க வேண்டி வரல."

தோபிலே தலையசைத்தாள். கையிலிருந்த ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து வேலிக்கு மேலாக நீட்டினாள்.