பானையின் கழுத்தில் இருந்த பெயர்

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு வெண்கலப் பானை களவு போயிற்று.

பண்டிகைக்கு முன் வீட்டிலுள்ள பாத்திரம் எல்லாம் ஆற்றுக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி அந்தப் பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, படித்துறையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு முழுக்குப் போடத் தண்ணீரில் இறங்கினாள். எழுந்து பார்த்தபோது பானை இருந்த இடத்தில் ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது.

பட்டப்பகல். படித்துறையில் இருபது பேர். யாரும் பார்க்கவில்லை!

பக்கத்து வீட்டுக்காரர் மை போட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு வேறொரு ஆசை. பதினைந்து வருஷமாகப் பத்திரிகையில் இருக்கிறேன். திருட்டுச் செய்தி எத்தனையோ எழுதியிருக்கிறேன். திருட்டுக் கொடுத்தவனாக ஸ்டேஷனுக்குப் போனதில்லை. சீமையில் விரல் ரேகையைக் கொண்டே ஆளைப் பிடிக்கிறார்களாம். நம் ஊரில் என்னதான் செய்கிறார்கள்?

போனேன்.

ஹெட் கான்ஸ்டபிள் ஐம்பது வயதுக்காரர். சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் ஏட்டையா. யார்மேல் சந்தேகம் என்று அவர் கேட்பார், நான் யோசித்துச் சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர் திருடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானையைப் பற்றித்தான் கேட்டார். எடை என்ன? பழைய வெண்கலமா, புதுசா? அடையாளம் உண்டா?

காகிதத்தை வாங்கி நானே எழுதினேன். உயரம், வாயின் அகலம், அடிப்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெளிவு... கடைசியில், முழுமையாக இருக்கட்டுமே என்று, ‘பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டையா படித்துவிட்டு, இவ்வளவு சுத்தமான புகார் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? ஒரு கான்ஸ்டபிள் போய்ப் பழைய பாத்திரக் கடைகளில் சும்மா உட்கார்ந்தார். ஒரு கடைக்கு ஒரு பொழுது. அவ்வளவுதான். விசாரித்தபோது ஏட்டையா விளக்கினார்: திருடனுக்கு நூறு வழி இருக்கிறது; வெண்கலத்துக்கு இரண்டே வழி. ஒன்று விற்க வேண்டும், இல்லை உருக்க வேண்டும். ஓடுகிறவனை எதற்குத் துரத்த வேண்டும்? பானைக்குக் கால் கிடையாதே!

நாலாம் நாள் பானை கிடைத்துவிட்டது. யாரோ முகம் தெரியாத ஆள் விற்றுவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னாராம். ஆள் அகப்படவில்லை.

துள்ளிக்கொண்டு ஓடினேன். மேஜைமேல் எங்கள் பானை. நெளிவுகூட அப்படியே. கை வைக்கப் போனேன்.

“பைய, பிள்ளைவாள்” என்றார் ஏட்டையா. பானையைத் திருப்பிக் காட்டினார். கழுத்தில் ஒரு பக்கமாகப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: ஸ்ரீவைகுண்டம் சு. சங்கரலிங்கம்.

என் மனைவியின் அண்ணன்.

“பேரு இல்லாத பானையைல்லா நீரு தொலைச்சிருக்கீரு. இதுல பேரு இருக்கு. அப்ப இது வேற பானை.”

புகாரைத் திருத்தித் தருகிறேன் என்றேன். அது நகலாகி மேலே போய்விட்டதாம். பெயருக்குரியவர் வந்து சொல்லாமல் பானை நகராது என்று முடித்துவிட்டார்.

நம் பக்கத்து வழக்கம் வாசகர்களுக்குத் தெரியாததா? பிறந்த வீட்டிலிருந்து சீராக வரும் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். தலைப்பொங்கலுக்கு அண்ணன் கொடுத்த பானை அது. பன்னிரண்டு வருஷம் அதில் பொங்கிய சோற்றைச் சாப்பிட்டவன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எப்படி?

வீட்டுக்கு வந்து மனைவியிடமே கேட்டேன்.

“அந்தப் பேரைக் கேட்டாலே உங்க மூஞ்சி மாறுது. அதான் ஆறு வருசமா சுவத்தைப் பாக்க வச்சிருக்கேன்” என்றாள்.

அந்த ஆறு வருஷக் கதை இதுதான். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாய்க்காலில் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்து தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொள்ளும் பெரிய மனிதர்களைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதினேன். யார் பெயரும் எழுதவில்லை. மைத்துனர் அதில் தம் பெயரைப் படித்துக்கொண்டார். அதோடு போக்குவரத்து நின்றது. வருஷா வருஷம் அண்ணன் வீட்டிலிருந்து சீராக வந்துகொண்டிருந்த பொங்கல்படி நின்றது. மஞ்சள்குலை, கரும்பு, வாழைத்தார் எதுவும் கிடையாது. மிஞ்சியது அந்தப் பானை ஒன்று.

“அதுலதான் பொங்கணும். இல்லைன்னா இந்த வருசம் நம்ம வீட்டுல பொங்கல் கிடையாது” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தினால் பயமில்லை.

அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. பத்திரிகைக்காரனுக்கு எழுத வராத விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் கார்டுதான். வேறு பானை வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் போலீஸுக்கு மானாபிமானம் கிடையாது. எனக்குத் தெரியாமலே ஏட்டையா ஸ்ரீவைகுண்டத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார். அந்த ஊர்க் கான்ஸ்டபிள் மைத்துனர் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் பானை திருட்டுப் போயிற்றா என்று கேட்டிருக்கிறார். மைத்துனர் தம் வீட்டுப் பானைகளை எண்ணிப் பார்த்து, இல்லை என்றிருக்கிறார். சிவப்புத் தலைப்பாகை வாசலுக்கு வந்துபோனதைத் தெருவே பார்த்தாயிற்று. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

பொங்கலுக்கு முதல் நாள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு அல்ல, நேரே ஸ்டேஷனுக்கு. ஆள் வந்து கூப்பிட, நானும் போனேன். மைத்துனர் என்னைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டையா என் புகாரை முதலிலிருந்து உரக்க வாசித்தார். உயரம், அகலம், நெளிவு... ‘பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை.’

மைத்துனர் ஏட்டையாவிடம் சொன்னார்: “பெரிய எழுத்தாளர்லா. நம்ம பேரை எழுதத்தான் வராதுன்னு நினைச்சேன். படிக்கவும் வராது போல.”

பதில் நாக்கின் நுனிவரை வந்தது. எழுதாத பெயரைப் படித்தவர் நீங்கள். எழுதிய பெயரைப் படிக்காதவன் நான். இருவரில் யார் மோசம்? ஆனால் வீட்டில் அடுப்புக்கு முன்னால் ஒருத்தி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். “என் தப்புதான், அத்தான்” என்றேன்.

ஏட்டையாவுக்கு இதெல்லாம் விஷயமில்லை. “இது உம்ம பானையா?” என்று கேட்டார்.

“பேரு என் பேரு.”

“அப்ப உம்ம பானைன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்.”

மைத்துனர் பேனாவை வாங்கினார். அந்த நேரத்தில் அவர் ‘ஆமாம்’ என்று எழுதியிருந்தால் சட்டப்படி பானை ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயிருக்கும். நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. பேனாவை மையில் தொட்டு, உதறி, மறுபடி தொட்டார்.

“குடுத்த பொருளை என் பொருள்னு எப்படி வே எழுதுவேன்? பானை என் தங்கச்சிது. அப்படித்தான் எழுதுவேன்.”

எழுதினார். ‘மேற்படிப் பானை என் உடன்பிறந்த தங்கைக்கு நான் மனப்பூர்வமாகக் கொடுத்தது. அதில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை.’ ஆறு வருஷமாகச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் தூது போனார்கள்! ஒருவராலும் அவர் வாயிலிருந்து ‘தங்கை’ என்ற சொல்லை வாங்க முடியவில்லை. ஏட்டையா அதில் தேதி போட்டு, நூலில் கோத்துக் கட்டிவிட்டார்.

பானையை எடுக்கப் போனேன். மறுபடியும் “பைய” என்றார். அது இனிமேல் கேஸ் சாமானாம். மாஜிஸ்திரேட் கச்சேரிக்குப் போக வேண்டும். உத்தரவு வந்த பிறகுதான் எங்களுக்கு.

“நாளைக்குப் பொங்கல்லா” என்றார் மைத்துனர்.

“மாஜிஸ்திரேட்டுக்கும் லீவுதான், பிள்ளைவாள்.”

வெளியே வந்தோம். மைத்துனர் வண்டியில் ஏறவில்லை. கடைத்தெருப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கூப்பிடவில்லை, ஆனால் வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே போனேன். பாத்திரக் கடையில் புது வெண்கலப் பானை ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தார். பெயர் வெட்டுகிறவர் உளியை எடுத்துக்கொண்டு, “யாரு பேரு அண்ணாச்சி?” என்று கேட்டார்.

மைத்துனர் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி பேரை வெட்டும் வே. பெரிசா வெட்டும். மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியாது.”

வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்தேன்.