சுக்கான் தண்டில் இருந்த நடுக்கம்

எங்களுடைய சிறிய பாய்ப்படகைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்த இரண்டு பேர், சுக்கான் பெயரிங் தேய்ந்தால் கொழும்பில் எங்கே போய் மாற்றுவது என்று கேட்டிருந்தார்கள். தை மாதம்தான் அந்த வேலையைச் செய்து முடித்தேன், அதனால் பதில் கைவசம் இருக்கிறது. ஆனால் நான் புறப்பட்டது பெயரிங்குக்காக அல்ல, என் மனைவி சிவமலருக்காக.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற வருடம் பழையதாக வாங்கிய படகு அது. மொறட்டுவைப் பக்கம், பொல்கொட ஏரியில் ஒரு படகுத்துறையில் நிற்கிறது. பாய் என் பொறுப்பு, சுக்கான் எப்போதும் சிவமலரிடம். போன வருடம் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. மருந்து எடுக்கிறார், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார், அதைப்பற்றி யாரும் கதைப்பதை விரும்புவதில்லை. மார்கழியில் ஒருநாள் ஏரியின் நடுவில் சுக்கான் பிடி அவருடைய கைக்குள் தடதடவென்று அடித்தது. பிடியை என்னிடம் தந்துவிட்டு, "இனி நான் பிடிக்கமாட்டன். படகை விப்பம்," என்றார்.

என் கையிலும் அது அதே மாதிரித்தான் அடித்தது. சொன்னேன்.

"நீங்கள் எனக்காகச் சொல்லுறியள்," என்றார்.

ஒரு கதவை நினைத்துப் பாருங்கள். பிணைச்சல் தேய்ந்த கதவு சின்னக் காற்றுக்கும் தடதடக்கும். படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் சுக்கானின் தண்டு, மேலும் கீழுமாக இரண்டு வளையங்களுக்குள் திரும்புகிறது. அவைதான் பெயரிங், லேத் கடையில் புஷ் என்பார்கள். அவை தேய்ந்தால், ஓடுகிற தண்ணீர் தண்டைப் பிடித்து ஆட்டும். அந்த ஆட்டம் நேராகப் பிடிப்பவரின் கைக்கு வரும். இதை வாயால் சொல்லிச் சிவமலரை நம்பவைக்க முடியாது என்று தெரிந்தது. மாற்றிக் காட்டத்தான் வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து காலை ஏழு மணிக்கு முந்திய ரயிலில் மொறட்டுவைக்குப் போனேன். அரை மணித்தியாலம்தான். வலப்பக்கம் இருந்தால் வழிநெடுகக் கடல். ஸ்டேசனிலிருந்து ஓட்டோ. படகுத்துறையைப் பார்க்கும் நிமல் படகை வண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுத்து வைத்திருந்தார். அப்போதுதான் ஒன்று புரிந்தது. தண்டைக் கீழ்ப்பக்கமாகத்தான் உருவ வேண்டும், அதற்கு நிலம் இடம் தராது. நிமல் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்து, சுக்கானுக்கு நேர் கீழே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். தண்டு அதற்குள் இறங்கி வெளியே வந்தது. கீழ் வளையத்தின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இருந்தது.

அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சிவமலர் அதற்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "இது தேய்ஞ்சதுதான்," என்றார். "என்ர கையும் தேய்ஞ்சதுதான்."

அடுத்த நாள் கொட்டாஞ்சேனை. நூறாம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வரை, அங்கிருந்து ஓட்டோ. எல்லாமாகப் பத்துக் கிலோமீற்றர் இருக்கும், ஆனால் காலி வீதி நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அன்ரனின் லேத் கடை. புது வளையங்களுக்கு, லொறிகளுக்கு அவர் கடைந்து கொடுக்கும் நைலோன் கம்பியே போதும் என்று இருவரும் முடிவெடுத்தோம். மயிரிழைகூட ஆடக்கூடாது என்று நான் இரண்டு தரம் சொன்னேன். மாலையே கிடைத்தது. மறுநாள் கரையில் தண்டு வெண்ணெய்க்குள் கத்தி போவது போல வளையத்துக்குள் போனது. பூட்டினோம், அழகாகத் திரும்பியது. படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சிவமலரையும் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன், சுக்கானைத் தொடமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் வந்தார். ஆனால் படகில் ஏறியதும் பழக்கதோசத்தில் தன் இடத்தில் போய் இருந்தார். கை தானாகப் பிடிக்குப் போனது. பிடி அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்தார். "இப்ப பெலனும் போயிட்டுது," என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

நான் தள்ளினேன். அசையவில்லை. எஞ்சினைத் தனியாகத் தூக்குகிற நிமல் வந்து, காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். முக்கினாரே தவிரப் பிடி வரவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துச் சிவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

சிரித்து முடிந்ததும் கேட்டார்: "கரையில நல்லாத் திரும்பினதெண்டு சொன்னியள்தானே? தண்ணிக்குள்ள போன பிறகுதானே இறுகினது?"

மதியத்துக்கு அவர் கட்டியிருந்தது கடலைச் சுண்டல். இரவு அரைச் சட்டிக்குப் போட்டு ஊறவைத்த கடலை, காலையில் சட்டி நிறைய இருந்ததை நானே பார்த்திருந்தேன். நைலோனும் தண்ணீர் குடிக்கும். குடித்துப் பருத்துத் தண்டை நெரித்துவிட்டது.

திங்கட்கிழமை மறுபடியும் கொட்டாஞ்சேனை. அன்ரன் முழுவதையும் கேட்டார். "ஆடவே கூடாதெண்டு சொன்னீங்க, ஆடாமச் செஞ்சு தந்தன். இப்ப கொஞ்சம் ஆடட்டும் எண்டுறீங்க. பிள்ளைகளுக்கும் இப்பிடி மாத்தி மாத்தித்தான் மார்க்ஸ் போட்டீங்களா சேர்?" என்றார். பிறகு, லொறியில் தண்ணீருக்கு வேலை இல்லாததால் தானும் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் புறக்கோட்டைக்கு ஆள் அனுப்பி, அநேகமாகத் தண்ணீர் குடிக்காத அசெற்றல் என்ற பிளாஸ்டிக் கம்பி எடுப்பித்தார். தண்டுக்கும் வளையத்துக்கும் இடையில் இரண்டு கடதாசித் தாள் புகும் இடைவெளி விட்டோம். பூட்ட முதல் வளையங்களை இரண்டு நாள் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். அளவு மாறவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெல்லிய காற்று. ஏரியின் நடுவரை நானே பிடித்துக்கொண்டு போனேன். சிவமலர் சுக்கான் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், "தாங்கோ பாப்பம்," என்றார்.

கொடுத்தேன். பாய் நிரம்பிப் படகு ஓடியது. அவருடைய விரல்கள் நடுங்கின. படகு நேராகப் போனது.

"இப்ப நடுங்கிறது என்ர கை மட்டும்தான்," என்றார். "அதை எனக்குத் தெரியும். நீங்கள் பாயைப் பாருங்கோ."

கேட்டவர்களுக்கு: சுக்கானை இருபக்கமும் கையால் ஆட்டிப் பாருங்கள், தட்டுகிற சத்தம் கேட்டால் வளையம் தேய்ந்துவிட்டது. குழி வெட்ட மண்வெட்டி தேவை. மேல், கீழ் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். நைலோன் வேண்டாம். லேத் கூலியும் பொருளும் ஒரே தடவையில் சரியாகச் செய்தால் ஏழாயிரம் ரூபாவுக்குள் முடியும், எனக்கு இரட்டிப்பு. எல்லாம் பூட்டி முடிந்தபின், உங்கள் வீட்டில் பிடியை விட்டுவிட்டு ஒதுங்கி இருப்பவர் எவராவது இருந்தால், அவரைப் பின்பக்கம் இருத்திவிட்டு நீங்கள் பாய்ப்பக்கம் போய் இருங்கள்.