கழுவாத குழல்

எங்கள் வீட்டில் துப்பாக்கி லைசென்ஸ் என் கணவர் பேரில் இருந்தது. அதைக் கழுவும் வேலை என் பேரில் இருந்தது. எந்தத் தாளிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் மக்காச்சோளம் வரும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வரும். மக்காச்சோளம் வந்தாலும் முழுசாக நமக்கில்லை. ஓடைக்கரை முள்ளுக்குள் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றிகள் பொழுது சாய்ந்ததும் குடும்பத்தோடு இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், மிதித்துப் பாழாக்குவது நிறைய. அவற்றை விரட்டத்தான் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அந்த நாட்டுத் துப்பாக்கி. அதன் வாய் வழியாகத்தான் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரும் ஈய ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். என் கணவர் பெரும்பாலும் ஆகாயத்தைப் பார்த்துத்தான் சுடுவார். சத்தமே போதும், பன்றிகள் ஓடிவிடும்.

கருமருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெடித்ததில் பாதி புகையாகப் போகும், மீதி குழலுக்குள்ளேயே கரியாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வேட்டுக்குமேல் கம்பி இறங்க அடம்பிடிக்கும். அதோடு விட்டதா? அந்தக் கரி உப்பைப் போலக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரும்பை ஓரிரு நாளில் சிவக்க வைத்துவிடும். முதல் வருடம் அவர் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனார். துணி கறுத்ததே தவிர குழல் சுத்தமாகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடிப்பிடித்த சட்டியை யாராவது எண்ணெய் விட்டுக் கழுவுவார்களா?

அன்றைக்கே அதை வாங்கிக்கொண்டேன். கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மாட்டும் சின்ன மூக்கைத் திருகி எடுத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றுவேன். முதல் தண்ணீர் மையாகக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு இறங்கும். நாலைந்து தடவை ஊற்றினால் தெளிந்துவிடும். பழைய வேட்டித் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுப்பேன். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடமாட்டேன். குழல் சூட்டிலேயே காய்ந்ததும் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுவேன். ஊரில் துப்பாக்கி வைத்திருந்த மற்ற வீட்டுக்காரர்களும் என்னிடம் பக்குவம் கேட்டுப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் கேட்பது ஒரே கேள்விதான். “கழுவியாச்சா?” நான் “கழுவியாச்சு” என்பேன். ஒரு நாளும் குழலுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஊராட்சித் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த வாரம்தான் மல்லாங்கிணற்றில் என் தம்பி மகளுக்குச் சடங்கு. நான் அத்தை, சீர் கொண்டுபோக வேண்டியவள். இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். துப்பாக்கி கையில் இருக்கிற கடைசி நாளில் பன்றிகளை நல்லா மிரட்டி வைக்க வேண்டுமாம். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகப் பஸ் ஏறினேன். மண்டபத்தில் பார்த்தவர்கள் எல்லாம் “மாப்பிள்ள வரலையாத்தா?” என்று கேட்டார்கள். “பன்னி விரட்டுறாக” என்றேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது துப்பாக்கி அடுப்படிச் சுவரில் சாய்ந்திருந்தது.

“நாலு வேட்டு போட்டிருக்கேன், புள்ள. காலையில ஸ்டேஷன்ல குடுக்கணும். கழுவி வச்சிரு” என்றார். விசேஷம் எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. துணியில் எண்ணெயைத் தொட்டுக் குழலின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. ஒரு தடவை கழுவாவிட்டால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இத்தனை குத்தாது. திரும்பி வந்ததும் கம்பி இறங்காமல் திணறட்டும், அப்போதாவது என் அருமை தெரியட்டும் என்றும் நினைத்தேன். இதை மறைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

காலையில் “கழுவியாச்சா?” என்றார். “கழுவியாச்சு” என்றேன்.

இரண்டு நாளில் என் கோபம் தணிந்துவிட்டது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. மார்கழிப் பனி கொட்டியது. வாசல் தெளிக்கும்போதெல்லாம் குழலுக்குள் சிவந்துகொண்டிருக்கும் இரும்பு நினைவுக்கு வரும். சொல்லிவிடலாம், என்ன செய்துவிடப் போகிறார், ரெண்டு சத்தம் போடுவார். ஆனாலும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக இரண்டு பானை வெந்நீரை ஊற்றிவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப் போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தார். துப்பாக்கியை வாங்கிவிட்டாராம்.

“வீட்டுக்கு வரல, நேரா காட்டுக்குப் போறேன். பன்னி எறங்கிருச்சுன்னு பக்கத்துக் காட்டுத் தம்பி போன் பண்ணினான். மருந்துப் பையை எடுத்துக்கிட்டு வா.”

போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். போனால், அங்கே அவரோடு பங்காளி நின்றிருந்தார், பக்கத்து நிலத்துக்காரர். குழல் கழுவப் பக்குவம் கேட்டு என்னிடம் வந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் எதிரில் எனக்கு வாய் வரவில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்துக்குள் தட்டை முறியும் சத்தம் கேட்டது. என் கணவர் அவசரமாக மருந்தைக் கொட்டி, நாரையும் ரவையையும் போட்டுக் கம்பியை விட்டார். கம்பி பாதியில் நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினார். கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கழுவித்தான குடுத்தோம்?”

“ஆமா” என்றேன்.

இந்த இரண்டாவது பொய்க்குக் கோபம்கூடக் காரணமில்லை. வெறும் வீறாப்பு. ஒரு பங்காளியின் எதிரில் நான் பொய்க்காரியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் சுட்டார். வழக்கமான சத்தமாக அது இல்லை. எதுவோ பிளந்த மாதிரி இருந்தது. புகை விலகியபோது அவர் மண்ணில் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழல் நடுவில் வாய் பிளந்து கிடந்தது.

“மதினி, முந்தானையக் கிழிங்க!” என்று பங்காளி கத்தினார். கிழித்துச் சுற்றினோம். பங்காளியின் பைக்கில் அவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் நான் பிடித்துக்கொண்டேன். அருப்புக்கோட்டையில் கட்டுப்போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், மருந்து கூடிப்போய்விட்டது, தப்பு தன்மேல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும், பக்கத்தில் இருந்த பங்காளி, “அண்ணே, குழல்ல பழைய கரி இருந்திருக்குமோ? ரவை மருந்து வரைக்கும் எறங்காம பாதியில நின்னிருக்கும், அதான் குழல் வெடிச்சிருக்கும்” என்றார்.

என் கணவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. “அது இவ கழுவினது. அதுல குத்தம் சொல்ற வேல வச்சுக்காத.”

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி, ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் நான் அழுவதாக நினைத்தார்கள். அழுதேன்தான். அவர்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல.

மூன்று மாதம் அந்தப் பாவத்தோடு அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். சித்திரையில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன்னையே ஏசிக்கொண்டார்.

“கூறு கெட்ட பய நான். முழுசா எறங்கினா எம்புட்டு நிக்கும்னு கம்பியில கோடு போட்டிருக்கு. அன்னைக்கு அந்தக் கோடு குழல் வாய்க்கு ரெண்டு விரக்கடை மேல நின்னுச்சு. கண்ணால பாத்தேன். நீதான் கழுவிட்டேன்னியே, அப்ப நாருதான் கூடிருச்சுன்னு நெனச்சுச் சுட்டேன்.”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “கழுவலங்க” என்றேன். சடங்கு வீடு, சிரித்தவள், வெளிப்புறம் மட்டும் துடைத்தது, பங்காளி எதிரில் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பாரென்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் தட்டிலிருந்த சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கை கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வந்து, மழை வருமா என்பதைப் பற்றிப் பேசினார்.

அதன்பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பங்காளியிடமும் சொல்லவில்லை. முன்னைப் போலவே பேசுகிறார், சிரிக்கிறார். போன ஆவணியில் தம்பி வீட்டு விசேஷத்துக்கு நான் கூப்பிடாமலேயே கிளம்பினார். பஸ்ஸுக்கு நடந்து தெருமுனைக்கு வந்தபோது, “வீட்டப் பூட்டினியா?” என்றார்.

“பூட்டிட்டேன்.”

“சரி” என்றார். பிறகு பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். அந்த மூன்று விரல் கையால் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது தெருமுனையில் நின்ற எனக்குத் தெரிந்தது. வந்து பையை வாங்கிக்கொண்டார். பூட்டித்தான் இருந்தது.