அம்பத்தூர் பொதுக்குழுவில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த நான்

சங்கப் பொதுக்குழுவுக்கு ஒருமுறையாவது நேரில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் சேலத்தில் சூரிய வெந்நீர்க் கலன்கள் விற்றுக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியில் ஒரு தொட்டியின் வெல்டிங் பிளந்து, கொதிநீர் அடித்து, என் ஃபிட்டர் ராஜாமணிக்கு வலது கண் போயிற்று. ஒவ்வொரு தொட்டியையும் பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே விற்க வேண்டும் என்று எங்கள் சூரியசக்திச் சங்கத்துக்குத் தீர்மானம் எழுதி அனுப்பினேன். 'ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. அது எப்படி ஒருமனதாகும்? நானும் உறுப்பினர்தானே. அடுத்த வருஷம் அதே தீர்மானத்தை அனுப்பிவிட்டு ரயிலேறினேன்.

சென்னை சென்ட்ரலில் இறங்கியபோது காலை ஐந்தே முக்கால். 8.10 மின்ரயிலில் பட்டரவாக்கம். நான்கு ரூபாய், அரை மணி நேரம். சங்கக் கட்டடம் இருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருபது கேட்டு, பதினைந்துக்கு இறங்கினார். "ஞாயித்துக்கெழம அங்க ஈ காக்கா இருக்காது நைனா, இன்னாத்துக்குப் போறே?" என்றார். அவர் சொன்னது சரிதான். தெரு நெடுக ஷட்டர்கள் இறங்கியிருந்தன.

சங்கக் கட்டட ஹாலில் இருபது பேர் பெயர் அட்டை குத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரிகள் கூடிய இடத்தில் விலையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மூன்றாவது வரிசையில் ஒருவரின் சட்டையில் என் பெயர், என் ஊர். செயலாளர் வருகை வாசித்து என் பெயருக்கு வந்தபோது இரண்டு கைகள் உயர்ந்தன.

செயலாளர் பதறவில்லை. ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்தது என் கையெழுத்தேதான். சந்தாவோடு வரும் பதிலாள் படிவத்தில், யார் வருவார் என்று எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். சங்கத் தலைவருக்குப் பக்கத்து ஊரான பாடியில் தொட்டிப் பட்டறை. எங்கள் படிவங்களில் தன் பட்டறை ஆட்களின் பெயரை நிரப்பி ஹாலில் உட்கார வைத்துக்கொண்டார். வேலியே பயிரை மேய்கிறது என்று சொல்லலாம்தான், ஆனால் வேலிக்குக் கையெழுத்துப் போட்டதே நான்.

டீ இடைவேளையில் அந்த மனிதர் அட்டையைக் கழற்றித் தந்தார். பெயர் கன்னியப்பன்.

"நீங்க உயிரோட கீறீங்களா சார்? மூணு வருஷமா நாந்தானே நீங்க."

"எதுக்கு எதிராக் கை தூக்கினீங்க, தெரியுமா?"

"செயலாளரு பேனாவ நிமித்துனா தூக்கணும். அவ்ளோதான் தெரியும்."

ராஜாமணியைப் பற்றிச் சொன்னேன். தொட்டி பாடியில் வாங்கியது என்றதும், "வெல்டு எங்க வுட்டுச்சு?" என்று கேட்டார்.

"அடிப்பக்கம்."

"அது நான் அடிக்கிற வெல்டு சார்." டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு மற்றவர்களிடம் போனார்.

11.40க்குத் தீர்மானம் வந்தது. 'ஆதரிப்பவர்கள்' என்றதும் நான் கை தூக்கினேன். பின்னால் அட்டை இல்லாமல் நின்ற கன்னியப்பன் தூக்கினார். பிறகு வரிசை வரிசையாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், சத்தமே இல்லாமல் கைகள் எழுந்தன. எல்லாக் கைகளிலும் தீப்பொறித் தழும்புகள். செயலாளர் பேனாவைப் படுக்க வைத்துப் பார்த்தார். ஒரு கையும் இறங்கவில்லை.

தலைவர் நிறைந்த ஹாலைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. ஒத்திவைக்கிறேன்."

இரவு லாட்ஜில் தங்கி, காலையில் பாடிக்குப் போனேன். நான்கு கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு ரூபாய். கன்னியப்பனுக்கு நன்றி சொல்லத்தான். "அப்டி யாரும் இங்க வேல செய்யலயே சார்," என்றார் பட்டறை வாட்ச்மேன். கேட்டுக்கு உள்ளே நேற்றைய முகங்கள் தெரிந்தன. ஒருவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த விதி சங்கத்தில் வரவே இல்லை. ராஜாமணிக்கு நியாயம் கேட்கப் போய் இன்னொருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போகிறவர்கள் ஸ்டேஷன் அருகிலேயே டிபனை முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று தொழிற்பேட்டையில் எதுவும் கிடைக்காது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயரில் அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தால், சண்டைக்குப் போகுமுன் அவருடைய சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் பெயரை மட்டும்தான் கேட்டேன்.