எட்டு வயதைத் தாண்டாத மேகன்

அமெரிக்காவின் ஈரி நகரத்தில் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற லென் வோய்சிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் பழைய பொம்மை விற்கும் ஆர்லீன் அம்மாளிடம் அவர் சொன்ன கணக்கில் மேகன் என்று ஒரு மகள் உண்டு.

மாதம் ஒரு சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் பழைய பொம்மைச் சந்தை கூடும். லென் முதன்முதலில் போனபோது, ஆர்லீனின் மேசையில் ஊதாப் பிடரி மயிரோடு நின்ற பிளாஸ்டிக் குதிரைக்குட்டியைக் கையில் எடுத்தார். ஆறடி ஆள், அடர்ந்த தாடி, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு பூத்த பூட்ஸ். "யாருக்குக் கண்ணு?" என்று அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "பொண்ணுக்கு. எட்டு வயசு" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் சிறுவனாக இருந்த காலத்து டிவி விளம்பரங்களில் இந்தக் குதிரைகளுக்குப் பிடரி சீவிவிட்டதெல்லாம் ரோஸ் கவுன் போட்ட சிறுமிகள். பொம்மை லாரியோடு மண்ணில் புரண்டதெல்லாம் பையன்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கா கேரலுக்குக் குதிரை வந்தது, லென்னுக்கு லாரி. லாரியும் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் அக்கா இல்லாத நேரம் பார்த்து அந்த வாலைச் சீவிப் பின்னுவதில் இருந்த சுகமே வேறு. ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். "அது பொட்டப்புள்ளைங்க சாமான்டா" என்றார், அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. இருந்தும் லென் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

சொன்ன பொய்க்கு மெல்ல மெல்லக் கைகால் முளைத்தது. மேகனுக்கு ஊதா பிடிக்கும், இறக்கை வைத்த குதிரை பிடிக்காது. வாங்கியதெல்லாம் படுக்கையறை அலமாரியில் கம்பளிச் சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றது.

ஒரு சனிக்கிழமை ஆர்லீன் பச்சைக் குதிரை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏன் கண்ணு, நீ முதல்ல வந்தப்ப என் பேரன் தவழ்ந்துக்கிட்டிருந்தான். இப்ப பள்ளிக்கூடம் போறான். உன் மேகன் மட்டும் எட்டு வயசுலயே நிக்கிறாளே, அப்படி என்னதான் சாப்பாடு போடுற?"

லென்னுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "மேகன்னு யாரும் இல்லீங்க. எல்லாம் எனக்குத்தான்."

"அது அன்னைக்கே தெரியும். மகளுக்கு வாங்குறவன் விலையைப் பார்ப்பான். நீ குளம்பைத் திருப்பி எந்த வருஷத்து அச்சுன்னுல்ல பார்த்த!" தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும், "நான் பெரிய கடையில பொம்மைப் பிரிவுல இருந்தவ. இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் நீலம். நடுவுல வேலியா போட்டிருந்தோம்? ஆனா பசங்க ரோஸ் பக்கம் வந்தா கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் நிப்பானுங்க. யாராவது வந்தா, தங்கச்சிக்காக வந்தேன்னு சொல்லுவானுங்க" என்றாள்.

அன்றைக்கு லென் அந்த மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார். சிக்கான பிடரியை எப்படி அலசுவது, வாலை உள்ளே பிடித்திருக்கும் தகர வளையத்தில் துரு ஏறினால் என்ன செய்வது என்று பேச்சு நீண்டது. இத்தனை வருஷமாக இதையெல்லாம் சொல்ல அவருக்கு ஒரு காது கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, குதிரைகளை முன்னறைச் சுவர்த் தட்டில் வரிசையாக நிற்க வைத்தார்.

அடுத்த ஞாயிறு கால்பந்து ஆட்டம் பார்க்க வந்த ரிக், இன்னொரு லாரியின் டிரைவர், கையில் பீரோடு அந்தத் தட்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"டேய், யாரோடதுடா இதெல்லாம்?"

"என்னோடது."

"வெளையாடுறியா?"

"சேர்க்கிறேன். வெளையாடவும் செய்வேன்."

மறுநாள் லாரி டிப்போவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. லென்னின் லாரி மூக்கில் ரோஸ் காகிதத்தில் பிடரி வெட்டி ஒட்டியிருந்தார்கள். லென் அதைக் கிழிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அடர்த்தியா ஒட்டியிருக்கலாமேடா, வழுக்கை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அதோடே பனி தள்ளக் கிளம்பினார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கத்திக் கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஈரப் பனியில் காகிதம் கரைந்துபோனது.

வாரக் கடைசியில் ரிக் சாப்பாட்டு வேளையில் தயங்கித் தயங்கி ஒரு பையை நீட்டினான். "என் பொண்ணோட குதிரை. பிடரியில சூயிங்கம் ஒட்டிக்கிச்சு, ரெண்டு நாளா ஒரே அழுகை. நீ ஏதாவது..."

லென் தொட்டியில் வெந்நீர் பிடித்தார். பாதி கடித்த சாண்ட்விச்சுகளோடு மற்ற டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவன் கடலை வெண்ணெய் தடவச் சொன்னான், இன்னொருவன் ஐஸ் வை என்றான். சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். எல்லாரும் அவசரமாகச் சாண்ட்விச்சைக் கடித்தார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்நீர் இவ்வளவு சூடா இருந்தா முடி சுருண்டுக்குமேப்பா" என்றார்.